இல்லத்தில் டிஸ்கஸ் மீன் வளர்ப்போமா?

பள்ளிவாசல் ஹவுளில் நீந்தும் மீன்களைப் பார்த்துக்கொண்டே ஒளு செய்ய மறந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் இளமையில் இருந்திருக்கும். பின்னால் வந்த பெரியவர் ஒருவர் தோளைத் தொட்டு உசுப்பிய பிறகே கைகால் கழுவ நினைவு வரும். மீன் என்னும் படைப்புக்குக் குழந்தைகளை அப்படிக் கட்டிப்போடும் ஆற்றல் உண்டு. பெரியவர்களும் அதற்கு விதிவிலக்கல்லர்.

ஹவுளில் கண்ட அந்த மீன்கள் இன்று கண்ணாடித் தொட்டிகளில் ஏறி நம் வரவேற்பறைகளுக்கே வந்துவிட்டன. அவற்றுள் ஒரு மீனைப் பற்றி மட்டும் இங்கு எழுத விரும்புகிறேன். வட்டத் தட்டுப் போன்ற உடல், அதன்மேல் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பாயும் கோடுகள், அவசரமே அறியாத நடை ஆகியவற்றால் வண்ணமீன்களின் அரசன் என்று பெயர் பெற்றிருக்கும் டிஸ்கஸ் மீன் அது. கடையில் அதனைக் கண்டவர்கள் பெரும்பாலும் இருவகைப்படுவர். "இது பணக்காரர்களின் மீன், நமக்கு ஆகாது" என்று நகர்ந்துவிடுவோர் ஒருவகையினர். அன்றைக்கே தொட்டியும் மீனும் சேர்த்து வாங்கி வந்துவிடுவோர் மற்றொரு வகையினர். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாய் இருந்து பாடம் படித்தவன்.

புதுச்சேரியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டக்குப்பத்தைக் கடந்து காலாப்பட்டுக்கு அருகில், கடலை ஒட்டி அமைந்த சிற்றூர் பிள்ளைச்சாவடி. புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்குதான் இருக்கிறது. மற்றபடி மீனவர் குப்பமும், ஆண்டுதோறும் கரையை அரித்துக்கொண்டே வரும் கடலுமே அவ்வூரின் அடையாளங்கள். அங்கே குடியேறிய புதிதில், என் மகளின் விருப்பத்துக்கு இணங்கி, ஒரு கடையில் தொட்டியொன்றும் டிஸ்கஸ் குஞ்சுகள் நான்கும் ஒரே மாலையில் வாங்கினேன். தண்ணீரை நிரப்பி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, உடனே மீனை விடலாம் என்றார் கடைக்காரர். விட்டேன். மூன்றாம் நாள் மீன்கள் கறுத்துப்போய் மூலையில் ஒண்டின. ஐந்தாம் நாள் இரை எடுப்பதை நிறுத்தின. பதினொன்றாம் நாள் காலை, பஜ்ரு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது கடைசி மீனும் பக்கவாட்டில் மிதந்தது. "அத்தா, நாம என்ன தப்புப் பண்ணினோம்?" என்று மகள் கேட்டாள். விடை எனக்குத் தெரியவில்லை. அதனைத் தேடிப் படித்தும், வளர்ப்போரைக் கேட்டும், பின்னர் வளர்த்தும் அறிந்ததே இக்கட்டுரை.

மீனின் பூர்வீகம்

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையே டிஸ்கஸின் தாயகம். பிரேசில், பெரு, கொலம்பியா ஆகிய நாடுகளில், மரங்களின் வேர்களும் கிளைகளும் நீருள் மூழ்கிக் கிடக்கும் ஓட்டம் குறைந்த பகுதிகளில் இவை கூட்டமாய் வாழ்கின்றன. இலை தழைகள் ஊறி, தேயிலைச் சாறு போல் நிறம் மாறிய நீர் அது. உப்புகள் ஏறத்தாழ இல்லாத, புளிப்புத் தன்மையுடைய, வெதுவெதுப்பான நீர். யோகான் நட்டெரர் என்னும் ஆஸ்திரிய ஆய்வாளர் பிரேசிலில் சேகரித்து அனுப்பிய மீனைக் கொண்டு, 1840-ஆம் ஆண்டில் யோகான் யாக்கோப் ஹெக்கல் என்பவர் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். 1904-இல் பெல்கிரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இன்னொரு வகையை விவரித்தார். இன்று கடைகளில் நாம் காணும் மீன்களில் பெரும்பாலானவை ஆற்றையே அறியாதவை. பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. செருமனியின் மருத்துவர் எடுவார்டு ஷ்மிட்-ஃபோக்கே, அமெரிக்காவின் ஜாக் வாட்லி போன்றோர் இந்த மீனின் இனப்பெருக்கத்தில் முன்னோடிகள். அவர்களைத் தொடர்ந்து தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் நாட்டவர் புதுப்புது நிறங்களை உருவாக்கினர். 'பிஜியன் பிளட்' எனப்படும் செம்மஞ்சள் வகை 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்தது.

நம் பகுதிக்கு வரும் மீன்களில் பெரும்பங்கு சென்னை கொளத்தூர் வழியாக வருவதே. வீட்டு மாடிகளிலும் புழக்கடைகளிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்ப்பதைக் குடும்பத் தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த பகுதி அது. ஆக்சிஜன் நிரப்பிய பாலிதீன் பைகளில் அடைபட்டு, பேருந்தில் மூன்று நான்கு மணி நேரம் பயணம் செய்து அவை புதுச்சேரியை வந்தடைகின்றன. அந்தப் பயணக் களைப்போடு இருக்கும் மீனைத்தான் நாம் வாங்குகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

என் மீன்கள் ஏன் இறந்தன?

தொடங்குவோர் அனைவரும் அறிய வேண்டிய முதற்பாடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மீன் சுவாசிக்கும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதன் கழிவும், உண்ணாமல் விட்ட இரையும் அழுகி மேலும் அம்மோனியாவாகின்றன. ஆற்றில் இது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? அங்கேயே தங்கி மீனின் செவுளை எரிக்கும். இந்த நஞ்சைத் தின்று வாழும் ஒருவகை நுண்ணுயிர்களை இறைவன் படைத்திருக்கிறான். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. தண்ணீரை மாற்றி அதனைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இருவகை உயிர்களும் வடிகட்டியின் பஞ்சில் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் அவை அறவே இல்லை. அதில் அன்றைக்கே மீனை விடுவது, கழிவறை கட்டாத வீட்டில் ஒரு குடும்பத்தை வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

எனவே முதலில் தொட்டியை மட்டும் வாங்குங்கள். நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இருப்பதாகவே பாவித்து நாள்தோறும் ஒரு சிட்டிகை இரையைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் வரும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் சோதனைச் சொட்டு மருந்துகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டும் சுழியைக் காட்டும் நாளில்தான் மீன் வாங்கப் புறப்பட வேண்டும். நண்பர் வீட்டில் நோயற்ற பழைய தொட்டி இருந்தால், அதில் ஊறிய பஞ்சுத் துண்டொன்றை வாங்கி வந்து நம் தொட்டியில் போடலாம். காத்திருக்கும் காலம் பாதியாய்க் குறையும். வெறும் தண்ணீரை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குப் பெரும் சோதனைதான். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "மீன் எங்கே?" என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லிவைத்தோம்.

இன்னொன்றும் உண்டு. அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. 30 பாகை வெப்பமுள்ள நீரில் பி.எச். 7 எனில், மொத்த அம்மோனியாவில் 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 100-க்கு 7 பங்குக்கு மேல் ஏறிவிடும். ஏறத்தாழ பத்து மடங்கு! நம் கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் காரத்தன்மையுள்ள கடின நீரே பெரும்பாலும் கிடைக்கிறது. அமேசானில் பிழைத்துக்கொள்ளக்கூடிய அழுக்கு, பிள்ளைச்சாவடியில் கொன்றுவிடும்.

தண்ணீர்

டிஸ்கஸ் வளர்ப்பதென்பது தண்ணீர் வளர்ப்பதே என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. கடலை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீரை மிகையாக இறைக்கும்போது கடல்நீர் உட்புகுந்து கிணறு உவர்த்துவிடுவது நாம் அறிந்ததே. உங்கள் வீட்டு நீரை முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த டிஸ்கஸ், டி.டி.எஸ். 300 வரையிலும், பி.எச். 7.5 வரையிலும் நலமாகவே வாழ்கிறது. ஆற்றைப் போன்ற நீரை உண்டாக்கியே தீரவேண்டும் என்று அமிலமும் பொடியும் வாங்கிக் கொட்டுவோர் உளர். அது வேண்டாத வேலை. நீர் எதுவாயினும் நாள்தோறும் மாறாமல் ஒரே சீராக இருப்பதே மீனுக்குத் தேவை.

உவர்ப்பு மிகுந்த இடங்களில் ஆர்.ஓ. நீரையும் கிணற்று நீரையும் கலந்து பயன்படுத்தலாம். ஆர்.ஓ. நீரை மட்டும் தனியாக நிரப்பக் கூடாது. உப்புகள் அறவே இல்லாத நீரில் பி.எச். திடீரெனச் சரிந்துவிடும். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியில் வானமே மென்னீரைப் பொழிகிறது. மொட்டை மாடியைக் கழுவிவிட்டு, முதல் மழையைப் போகவிட்டு, அடுத்தடுத்த மழைகளைப் பீப்பாயில் பிடித்து வைத்துக் கலந்துகொண்டால் ஐப்பசி முதல் மார்கழி வரை செலவே இல்லை.

குழாய் நீராயின் அதில் குளோரின் இருக்கும். மீனின் செவுளுக்கு அது ஆகாது. ஒரு பீப்பாயில் நிரப்பி, காற்றுக் குமிழியை விட்டு, ஒரு நாள் முழுதும் வைத்திருந்து பயன்படுத்துவது எளிய வழி. அவசரத்துக்கு ஹைப்போ கரைசல் கைகொடுக்கும். கிணற்று நீரையும் இரவு முழுதும் காற்றூட்டி வைப்பதே நல்லது. நிலத்தடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு.

வெப்பத்தைப் பொறுத்தவரை நாம் பாக்கியசாலிகள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 பாகை வேண்டும். ஐரோப்பியர் ஆண்டு முழுதும் மின்சாரம் செலவழித்து உண்டாக்கும் இச்சூட்டைப் புதுச்சேரியின் வெயில் ஏழெட்டு மாதங்கள் இலவசமாகவே தருகிறது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் ஹீட்டர் தேவைப்படும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 பாகையில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் கரைவது, 30 பாகையில் ஏழரையாகக் குறைந்துவிடும். ஆகவே காற்றுப் பம்பு இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். இதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

தொட்டியும் மீனும்

டிஸ்கஸ் தனிமையைத் தாங்காது. இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வலியது மெலியதைத் துரத்தித் துரத்தி இரை எடுக்கவிடாமல் செய்துவிடும். ஆறு மீன்கள் சேர்ந்திருந்தால் சண்டை பங்கிடப்பட்டுத் தணியும். வளர்ந்த மீன் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். ஒன்றுக்கு 40 லிட்டர் நீர் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டி பொருத்தமானது. அதில் 300 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கும். நீரின் எடை மட்டும் 300 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடியின் எடை 60 கிலோவுக்கு மேல். தையல் மேசையின் மீதோ, பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அலமாரி மீதோ இதை ஏற்றிவிடாதீர்கள். இரும்புச் சட்டத் தாங்கி செய்வித்து, மட்டம் பார்த்து, பலகையும் தெர்மாகோலும் விரித்து அதன்மேல் வையுங்கள். சன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி படரும்.

அடியில் வண்ணக் கூழாங்கற்கள், பீங்கான் கோட்டை, திறந்து மூடும் புதையல் பெட்டி எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. இதனால் தொட்டி மொட்டையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கழிவு தங்க இடமிருக்காது; ஒரு குழாயால் நொடியில் உறிஞ்சி எடுத்துவிடலாம். இரண்டு பெரிய பஞ்சு வடிகட்டிகளும் அவற்றுக்கு ஒரு நல்ல காற்றுப் பம்பும் போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த நுண்ணுயிர்கள் குளோரினில் அழிந்துபோகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

மீன் வாங்கும்போது 7, 8 சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுகளை, ஆறும் ஒரே இடத்திலிருந்து வாங்குங்கள். வெவ்வேறு கடை மீன்களைக் கலப்பது வெவ்வேறு ஊர் நோய்களைக் கலப்பதாகும். உடல் வட்டமாக இருக்கிறதா, கண் உடலுக்கு அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். உடல் சிறுத்துக் கண் மட்டும் பெரிதாக இருந்தால் அது வளர்ச்சி குன்றிய மீன். எவ்வளவு தீனி போட்டாலும் இனி தேறாது. ஒரு செவுளை மூடிக்கொண்டு மறுசெவுளால் மட்டும் மூச்சு விடும் மீன், வெள்ளை நூல் போலக் கழியும் மீன், கறுத்து ஒதுங்கிய மீன் ஆகியவற்றை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அவற்றின் மீது இரக்கம் பிறப்பது இயல்பே. அந்த இரக்கம் மற்ற ஐந்தையும் கொன்றுவிடும். எல்லாவற்றையும்விட, கண்ணெதிரே இரை போடச் சொல்லிப் பார்ப்பது மேல். ஓடி வந்து தின்னும் மீனே நலமான மீன்.

தங்கமீன் குளிர்நீர் விரும்பி. அதனோடு சேர்க்கக் கூடாது. ஏஞ்சல் மீன் உறவினம்தான், எனினும் இரையைப் பறித்துவிடும், நோயையும் கொடுத்துவிடும். 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் கடைகளில் தரப்படும் உறிஞ்சுவாய் மீனை அருகிலேயே சேர்க்காதீர்கள். அது இரவில் டிஸ்கஸின் உடலில் ஒட்டிக்கொண்டு அதன் மேற்பூச்சை உறிஞ்சிப் புண்ணாக்கும். மேலும் அது தொட்டியை மீறி வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவோர் பலர். தமிழகத்தின் நீர்நிலைகள் பலவற்றில் இந்த அயல் மீன் பெருகி, நாட்டு மீன்களுக்குக் கேடாய் முடிந்திருக்கிறது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நம் வீட்டுக் குப்பைத்தொட்டிகள் அல்ல. எந்த வளர்ப்பு மீனையும் அவற்றில் விடலாகாது.

தீனி

குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு 4, 5 முறையும், வளர்ந்தவற்றுக்கு 2, 3 முறையும் சிறிது சிறிதாக இரை தர வேண்டும். உலகெங்கும் டிஸ்கஸ் வளர்ப்போர் நெடுங்காலமாகத் தரும் இரை மாட்டு இருதயம் என்றால் வியப்பாக இருக்கும். நம் வீடுகளில் அது அரிய பொருளன்று. குர்பானி நாட்களில் தேடியே வரும். கொழுப்பையும் நரம்பையும் சவ்வையும் முழுமையாக நீக்கிவிட வேண்டும். பாதியளவு இறால், ஒரு கைப்பிடி பசலைக்கீரை, நாலைந்து பல் பூண்டு சேர்த்து மிக்சியில் அரைத்து, பாலிதீன் உறையில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்தால், வேண்டும்போது ஒரு துண்டை உடைத்துப் போடலாம். பிள்ளைச்சாவடிக் கரையில் காலையில் படகு வந்ததும் பொடி இறால் கிடைக்கும். அதனைத் தோலுரித்து, லேசாக வெந்நீர் காட்டிக்கொள்கிறோம். குளிர்பதனப் பெட்டியில் மீன் தீனிக்கும் மனிதத் தீனிக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது நல்லது. எங்கள் வீட்டில் ஒருமுறை நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கட்லெட் செய்ய எடுத்துவைத்த பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அது யாருடைய பங்கு என்று தெரிந்தது!

கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாக்கடைச் சேற்றில் வளர்வது அது. நோய்களைச் சுமந்து வரும். தின்னாத இரையை 15, 20 நிமிடங்களுக்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் உள்ள தொட்டியில் நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றுவது கட்டாயம். வளர்ந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றலாம். அதாவது, நாளொன்றுக்கு 70, 80 லிட்டர். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் இது நியாயமான செலவன்று. அத்தகையோர் டிஸ்கஸை விட்டு, சிறு தொட்டியில் கப்பி, மோலி வகைகளை வளர்ப்பதே முறை. வெளியேற்றும் நீரை வீணாக்கவும் தேவையில்லை. நைட்ரேட் நிறைந்த அந்நீர் செடிகளுக்கு உரம். எங்கள் கொல்லையில் முருங்கையும் வாழையும் அதனால்தான் தழைக்கின்றன.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு, ஆண்களும்தான். கொசுவர்த்திச் சுருள், கொசு விரட்டும் திரவக் கருவி, பூச்சிக்கொல்லித் தெளிப்பு ஆகியவற்றில் உள்ள மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துவதால் ஓரிரவில் தொட்டி முழுதும் மடியக்கூடும். தொட்டியுள்ள அறையில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருப்பின் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மீன்களைத் தாக்கும் காசநோய்க் கிருமி வகையொன்று மனிதத் தோலிலும் ஆறாப் புண்ணை உண்டாக்கும். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இழுக்கும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

புயல் இரவு

2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இப்பகுதி இருளில் மூழ்கியது. அப்போது தொட்டி மீன்களை இழந்தவர்களின் வருத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். என் முறை 2024-இல் வந்தது. நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. மின்சாரம் நின்றது. பம்பு நின்றது. அதன் இடைவிடாத முணுமுணுப்புக்குப் பழகிப்போன வீட்டில், அந்த நிசப்தம் கடலின் இரைச்சலைவிடப் பெரிதாய்க் கேட்டது.

இரண்டாம் முறையாக, முறைப்படி ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த ஆறு மீன்கள். பேட்டரியால் ஓடும் சிறு பம்பொன்று இருந்தது, பேட்டரிகள் பழையவை. மூன்று மணி நேரத்தில் அது ஓய்ந்தது. பின்னர் நானும் மனைவியும் மகளும் முறைவைத்து, ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். பத்து நிமிடம் ஊற்றினால் கால் மணி நேரம் ஓய்வு. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மீண்டும் ஊற்றுவோம். இரை எதுவும் போடவில்லை. உண்ணாத மீன் குறைவாகவே மூச்சு விடும், குறைவாகவே கழியும். வளர்ந்த டிஸ்கஸ் இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தால் கெட்டுவிடாது. பீப்பாயில் முன்னதாகப் பிடித்து வைத்திருந்த நீரில் கொஞ்சத்தை விடியற்காலையில் மாற்றினோம். மின்சாரம் வர ஒன்றரை நாள் ஆயிற்று. ஐந்து மீன்கள் பிழைத்தன. ஆறாவதைக் கொல்லையில் முருங்கையடியில் மகளே புதைத்தாள்.

பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அபூ உமைர் என்ற சிறுவனிடம், அவன் வளர்த்த சின்னஞ்சிறு குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்த செய்தியையும் அறிவோம். அந்த இரவில் குவளையைப் பிடித்திருந்தபோது இரண்டும் என் நினைவில் வந்தன. வளர்ப்பதற்கு இடமுண்டு, அடைத்து வைத்தவன்மீது பொறுப்பும் உண்டு. ஆகவே பம்பு வாங்கும்போதே அது நின்றால் என்ன செய்வது என்பதற்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காற்றுப் பம்பு ஒன்றுக்குச் சில வாட் மின்சாரமே தேவை. வீட்டு இன்வெர்ட்டரில் அதற்கென ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டால் ஓர் இரவைக் கடந்துவிடலாம். நான் ஃபெங்கலுக்குப் பிறகே அதைச் செய்தேன்.

உடலையே உணவாக்கும் பெற்றோர்

பிழைத்த ஐந்தில் இரண்டு மீன்கள் சில மாதங்களில் இணை சேர்ந்தன. டிஸ்கஸில் ஆண், பெண் என்று பார்த்தவுடன் சொல்ல இயலாது; அவையாகவே இணை சேர்ந்து, ஓரிடத்தைச் சுத்தம் செய்யத் தொடங்கும்போதுதான் தெரியும். கவிழ்த்து வைத்த மண்பூச்சாடி அவற்றுக்குப் போதும். அதன் பக்கவாட்டில் நூறு, இருநூறு முட்டைகளைப் பெண் வரிசையாக ஒட்டும். ஆண் பின்தொடரும். இருவரும் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காப்பர். ஏறத்தாழ இரண்டரை நாளில் முட்டை பொரியும். மேலும் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும்.

இதன் பிறகு நடப்பதுதான் விந்தை. குஞ்சுகள் நேரே பெற்றோரின் உடலை நோக்கிச் சென்று, தோலில் சுரக்கும் பசையைக் கொத்தித் தின்கின்றன. தாய் மட்டுமன்று, தந்தையின் உடலும் உணவாகிறது. ஒருவர் களைத்ததும் உடலை ஓர் உதறு உதறி மற்றவரிடம் குஞ்சுகளை ஒப்படைப்பார். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முட்டையிட்டது முதல் அப்பசையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் கண்டறிந்தனர். முதல் இரண்டு வாரம் பெற்றோர் அசையாது நின்று ஊட்டுகின்றனர். மூன்றாம் வாரம் சிறிது நேரம் விலகி நீந்திக் குஞ்சுகளைத் தவிக்க விடுகின்றனர். நான்காம் வாரம் பெரும்பாலும் விலகியே இருக்கின்றனர். நம் வீட்டுப் பெண்கள் இதனைப் படித்தால், பால் மறக்கடிப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

கடின நீரில் முட்டைகள் பெரும்பாலும் பொரிவதில்லை. இனப்பெருக்கத்துக்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மிகுதியாய்க் கலந்த மென்னீர் வேண்டும். இளம் இணைகள் முதல் இரண்டு மூன்று முறை தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் இயல்பு. எங்கள் இணையும் இருமுறை அப்படியே செய்தது. மகள் அழுதாள், நான் பீப்பாயில் மழைநீர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனேன். மூன்றாம் முறை முட்டையிட்டபோது, அனுபவமுள்ள ஒருவர் சொன்ன யோசனைப்படி, இரவில் அறையில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டோம். இருட்டில் பெற்றோர் மிரண்டு முட்டையைத் தின்றுவிடாமல் இருக்கவும், நீந்தத் தொடங்கும் குஞ்சுகள் அவர்களின் உடலைக் கண்டு சேரவும் அந்த ஒளி உதவுமாம். ஐந்தாம் நாள் இரவு, சாடியிலிருந்து சிறு புள்ளிகள் ஒவ்வொன்றாய்க் கிளம்பித் தந்தை மீனின் விலாவில் ஒட்டுவதை இஷாவுக்குப் பிறகு மூவரும் தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எண்ணத் தொடங்கிய மகள் நாற்பதுக்கு மேல் கணக்கை விட்டுவிட்டாள்.